தாப்பா ரோட்டில் இறங்காதவர்

ரயில் படுக்கைப் பெட்டி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தங்கைகளுக்கு,

போன மாதம் ஈப்போவில் உங்களுக்குப் பயிற்சி நடந்தபோது என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். "சீனியர் அக்கா நாலு வார்த்தை பேசுவாங்க" என்று மைக்கைக் கையில் திணித்தார்கள். நான் வணக்கம் சொல்லிவிட்டு மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நீங்கள் சிரித்தீர்கள். சிரிக்க வேண்டியதுதான். பத்துப் பேர் நிமிர்ந்து பார்த்தால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. ஆனால் எழுதும்போது எதிரில் யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

விரிப்பு மாற்றுவது, தலையணை உறை போடுவது, கக்கூஸ் கழுவுவது எல்லாம் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். அன்றைக்குத் திரையில் சில படங்களும் காட்டினார்கள். கொரோனா காலத்தில் இரவு வண்டியை நாங்கள் எப்படி வெற்றிகரமாக ஓட்டினோம் என்று. முகத்துக்கு முன்னால் பிளாஸ்டிக் தகட்டை மாட்டிக்கொண்டு எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கிக்கொண்டு நிற்கிற படம். அதில் இடது ஓரத்தில் பாதி உடம்பு வெட்டுப்பட்டு நிற்பது நான்தான். அந்தப் படம் எடுத்த ஆள் வண்டிக்குள் ஒரு நாளும் காலை வைத்ததில்லை. நாங்களும் அன்றைக்கு வண்டியில் ஏறவில்லை. கட்டைவிரலைத் தூக்குவதற்காகவே வீட்டிலிருந்து வரச் சொல்லியிருந்தார்கள். வீட்டைவிட்டு யாரும் வெளியே வரக்கூடாது என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டிருந்த வாரம் அது.

எம்.சி.ஓ. என்று நாட்டையே பூட்டியிருந்தார்கள். மாவட்டம் தாண்ட வேண்டுமானால் போலீஸ் கடிதம் வேண்டும். வழக்கமான வண்டிகள் நின்றுபோயின. ஆனால் வேலைக்குப் போன இடத்தில் மாட்டிக்கொண்டவர்கள், தாதிகள், வீட்டில் சாவு விழுந்தவர்கள் இருந்தார்கள் அல்லவா? அவர்களுக்காக வாரத்தில் சில இரவுகள் தெற்கிலிருந்து ஈப்போ வரைக்கும் ஒரு சிறப்பு வண்டி விட்டார்கள். ஒதுக்கிவைத்திருந்த பழைய படுக்கைப் பெட்டிகள் இரண்டு, உட்காரும் பெட்டி ஒன்று. சாயங்காலம் புறப்பட்டு, விடிவதற்கு முன்னால் தாப்பா ரோடு, கம்பார், பத்து காஜா என்று நின்று, வெளுக்கும்போது ஈப்போவில் முடியும். படுக்கைப் பெட்டிகளில் நானும் சரஸும். சரஸ் என்னைவிடப் பத்து வயது சின்னவள், வாய் என்னைவிட நூறு மடங்கு பெரியது. எங்களுக்கு மேலே ஒரு சூப்பர்வைசர். முப்பது வயது இருக்கும். எங்கள் காண்டிராக்ட் கம்பெனி கொரோனாவுக்காகவே எடுத்த ஆள். அவர் முன்னால் உட்காரும் பெட்டியில் இருப்பார். கையில் ஒரு ஃபைல், கழுத்தில் ஒரு விசில். விசில் எதற்கென்று ரொம்ப நாள் யாருக்கும் தெரியவில்லை.

அவர் கையில் காய்ச்சல் பார்க்கிற துப்பாக்கியும் இருந்தது. முதல் நாள் என் நெற்றிக்கு நேராகப் பிடித்தார். முப்பத்து மூன்று என்று காட்டியது.

"முப்பத்து மூணுன்னா செத்துப்போனவங்களுக்குத்தானே தம்பி இருக்கும்?" என்றாள் சரஸ். "அக்கா செத்துட்டாங்களா? சம்பளம் யாருக்குப் போடுவீங்க?"

"ஏர்கான் சூடுலா, அப்படித்தான் காட்டும்," என்றார் அவர். ஏர்கானில் என்ன சூடு என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. ஃபைலில் முப்பத்தாறு புள்ளி ஐந்து என்று எழுதினார். சரஸுக்கும் அதேதான். வண்டியின் கார்டுக்கும் அதேதான். அன்றைக்கு ஏறிய அத்தனை பேருக்கும் முப்பத்தாறு புள்ளி ஐந்து. நாடு முழுவதும் ஒரே சூட்டில் இருந்தது.

இதைச் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. துப்பாக்கி சொல்வது ஒன்று, தாளில் எழுதுவது வேறொன்று என்பதை அன்றைக்கே பார்த்தேன். பார்த்தும் வாயை மூடிக்கொண்டு துடைப்பத்தை எடுத்தேன். தாளில் பொய் எழுதப் பழகிய கை அதோடு நிற்காது என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

அந்த நாட்களில் வந்த சட்டங்களைக் கேளுங்கள். மேல் படுக்கை யாருக்கும் இல்லை. திரையை மூடி, குறுக்கே மஞ்சள் டேப்பைப் பெருக்கல் குறி மாதிரி ஒட்டிவிட வேண்டும். கீழ்ப் படுக்கைக்காரர்கள் தங்கள் விரிப்பையும் போர்வையையும் தாங்களே பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, இறங்கும்போது வாசலில் வைத்துவிட்டுப் போக வேண்டும். உணவுப் பெட்டி கிடையாது. தண்ணீர் பாட்டில் ஒன்று தருவோம், அவ்வளவுதான். தாதிகளுக்குக் கடைசியில் தனியாக இடம். ஸ்டேஷன் சுவரில் "எங்கள் வீரர்களுக்கு நன்றி" என்று தாதி படம் போட்டுப் பெரிய பேனர். அதே பேனருக்குக் கீழே அந்தப் பிள்ளைகளை, "மருத்துவமனையிலேர்ந்து வாரீங்க, அங்க தள்ளி நில்லுங்க" என்று மாட்டைப்போல் ஒதுக்கி நிறுத்தினார்கள். ஒரு தாதிப் பெண் பேனரையும் பார்த்து, எங்களையும் பார்த்து, கால் மாற்றி நின்றாள்.

எல்லாவற்றையும்விட மட்டமான சட்டம் இரண்டு. ஒன்று, ஆளை எழுப்பக் கூடாது. இந்த வேலையில் படுக்கை விரிப்பது பாதி, எழுப்புவது பாதி. இரவு வண்டியில் ஏறுகிறவன் தன் ஊரை நம்மிடம் ஒப்படைத்துவிட்டுத் தூங்குகிறான். கட்டில் சட்டத்தில் இரண்டு தட்டு தட்டி, "ஐயா, உங்க ஊர் வருது" என்று சொல்லி, அவர் எழுந்து உட்காரும்வரை நிற்பது நம் வேலை. கூச்சக்காரி எனக்கே அது பழகியிருந்தது. அதை நிறுத்தச் சொன்னார்கள். பக்கத்தில் போனால் தொற்றுமாம். அதற்குப் பதில் ஒலிபெருக்கியில் சொல்வார்களாம். எங்கள் இரண்டாவது பெட்டியில் ஒலிபெருக்கி எப்போதும் கரகரவென்றுதான் பேசும். கோழியைக் கழுத்தை நெரித்த மாதிரி ஒரு சத்தம், அதற்குப் பிறகு "தெரிமா காசே". நன்றி மட்டும் தெளிவாகக் கேட்கும்.

இரண்டாவது சட்டம், வண்டி முடிந்ததும் நாங்கள் பெட்டிக்குள் போகக் கூடாது. திரை எதையும் தொடக் கூடாது. முதலில் மருந்து அடிக்கிறவர்கள் வந்து பெட்டியை மூடி, புகையை நிரப்பி, அரை மணி நேரம் பூட்டிவைப்பார்கள். அதற்கப்புறம்தான் நாங்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஈப்போவில் படுக்கைத் துணிக்குப் பொறுப்பாக ஒரு சீனர் இருந்தார். பேர் சொல்ல மாட்டேன், அவருக்கு அதெல்லாம் பிடிக்காது. எனக்கு அவர் வேலை சொல்லிக்கொடுத்ததே ஒரே வரிதான், அதுவும் கடைத்தெருவில் பேசுகிற மலாய்மொழியில். "மாலாம் ஜாங்ஙான் புக்கா. பாகி செமுவா புக்கா." ராத்திரி திறக்காதே, காலையில் எல்லாவற்றையும் திற. ராத்திரியில் மூடிய திரைக்குப் பின்னால் என்ன நடந்தாலும் அது அவர்கள் வீடு. வண்டி கடைசி ஸ்டேஷனில் நின்றதும் அவர் ஒவ்வொரு திரையையும் ஓரத்துக்குத் தள்ளி, மெத்தையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டே போவார். காலி என்று கண்ணுக்குத் தெரிந்தாலும் கையை வைப்பார். நாங்கள் அதைக் கிறுக்குத்தனம் என்று பின்னால் நின்று சிரித்திருக்கிறோம். அவர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிவிட்டது. எங்கள் சூப்பர்வைசருக்கு இதெல்லாம் சொன்னால், "பழைய சிஸ்டம்க்கா" என்பார். அவருக்கு அவர் பிறப்பதற்கு முன்னால் நடந்ததெல்லாம் பழைய சிஸ்டம்.

அன்றைக்கு என் பெட்டியில் பதினோரு பேர். தாப்பா ரோட்டில் இறங்க வேண்டியவர்கள் மூன்று பேர். அவர்களில் ஒருவர் ஐம்பது வயதுக்காரர், கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை செய்கிறவர். பேர் மணியம் என்பது பிறகுதான் தெரியும். சொந்த ஊர் ஹுத்தான் மெலிந்தாங். அங்கே போக தாப்பா ரோட்டில் இறங்கி தெலுக் இந்தான் வழியாகப் போக வேண்டும். இரண்டு மாதம் வேலையும் இல்லாமல் ஊருக்கும் போக முடியாமல் கூலியாட்கள் தங்குகிற அறையில் கிடந்தவர். ஏறும்போதே, "அக்கா, சாப்பாடு ஏதும் விக்கிறீங்களா?" என்று கேட்டார். "இல்லைங்க, உணவுப் பெட்டி மூடிட்டாங்க, தண்ணிதான்" என்றேன். "பரவால்லக்கா, வீட்டுக்குப் போயி சாப்புட்டுக்கிறேன்," என்றார். அவர் முகத்தில் ஒரு வாட்டம் இருந்தது. அந்த நாட்களில் யார் முகத்தில்தான் இல்லை?

அவருக்கு எதிர்ப் படுக்கையில் ஒரு ஆள் இருமிக்கொண்டே வந்தார். சாதாரண இருமல்தான், சிகரெட் இருமல். ஆனால் அந்த நாட்களில் ஒருவர் இருமினால் பெட்டியே மூச்சைப் பிடித்துக்கொள்ளும்.

கோலாலம்பூர் தாண்டி ஒரு மணி நேரம் இருக்கும். கைப்பிடிகளைத் துடைத்துக்கொண்டு வந்தேன். நடுவில் ஒரு மேல் படுக்கையில் டேப் பிரிந்து தொங்கியது. திரை ஒரு சாண் விலகியிருந்தது. என் மனதில் முதலில் என்ன வந்தது தெரியுமா? உள்ளே யார் என்று வரவில்லை. போட்டோ என்றுதான் வந்தது. காலையில் சூப்பர்வைசர் ஒவ்வொரு டேப்பையும் படம் எடுத்து மேலே அனுப்புவார். அதற்கு முந்தின வாரம் ஒரு டேப் தொங்கியதற்கு எல்லார் முன்னாலும், "அக்கா, கண்ணு தெரியலையா, ஸ்பெக் மாத்துங்கலா" என்றிருந்தார். எனக்கு அந்தக் கூச்சம் இன்னும் ஆறவில்லை.

திரையை இழுத்து மூடினேன். மூடும்போது அது எதிலோ முட்டியது. மெத்தை மடிப்பு என்று நினைத்துக்கொண்டேன். உண்மையாகவே அப்படி நினைத்தேனா, அப்படி நினைத்தால் வேலை முடிந்தது என்பதற்காக நினைத்தேனா என்று என்னை நானே பலமுறை கேட்டிருக்கிறேன். ராத்திரியில் திறக்காதே என்பது வேறு மனதில் ஊறிப்போயிருந்தது. புது டேப்பைக் கிழித்து, பழையது மாதிரியே பெருக்கல் குறி போட்டு, பிரியாமலிருக்கக் கட்டைவிரலால் நான்கு முனையிலும் அழுத்தித் தேய்த்தேன். நல்லா ஒட்டியிருக்கு என்று திருப்தியாகக்கூட இருந்தது.

தாப்பா ரோட்டில் வண்டி நின்றது. கோழி கத்தியது, தெரிமா காசே சொன்னது. இரண்டு பேர் இறங்கிப் போனதை நான் பார்த்தேன். மூன்றாவது ஆள் சரஸ் பக்கத்து வாசலில் இறங்கியிருப்பார் என்று நினைத்தேன். சரஸ், என் வாசலில் இறங்கியிருப்பார் என்று நினைத்தாள். சூப்பர்வைசர் நினைக்கவே இல்லை. அவர் ஸ்டேஷன் வருவதற்கு முன்னாலேயே மூன்று பேரின் பெயருக்கு எதிரிலும் டிக் போட்டுவிட்டிருந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் வேலை முடிய அதுதான் வழியாம். இதை அவரே பிறகு பெருமையாகச் சொன்னார், "கான்டெக்ட் கொறைக்கிறதுக்குத்தான்."

ஈப்போ வந்தது. எல்லாரும் இறங்கிப் போனார்கள். மருந்து அடிக்கிற இரண்டு பேர் நிலாவுக்குப் போகிறவர்கள் மாதிரி வெள்ளை அங்கி மாட்டிக்கொண்டு தயாராக நின்றார்கள். நான் நடைமேடையில் துணிப் பைகளை எண்ணினேன். என் பெட்டியில் பதினோரு பேர். பத்துப் பைதான் இருந்தது.

"தம்பி, ஒரு பை கொறையுது," என்றேன்.

"எவனாச்சும் போர்வைய தூக்கிட்டுப் போயிருப்பான்க்கா. குளிருக்கு நல்லா இருக்கும்லா," என்றார். அவர் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். "லிஸ்ட்டு கிளியர். பதினொன்னு ஏறுனாங்க, பதினொன்னு எறங்கிட்டாங்க. ஹாபிஸ், முடிஞ்சிச்சு. போர்வை காணோம்னு எழுதிக்கிறேன்."

"இல்ல தம்பி..."

"அக்கா, ஏழு மணிக்குள்ள மருந்து அடிச்ச படம் மேல போவணும். தள்ளி நில்லுங்க. டூ மீட்டர், டூ மீட்டர்."

என் குரல் அவ்வளவுதான். அதற்கு மேல் வராது. தலையை ஆட்டிவிட்டு விலகினேன். வெள்ளை அங்கிக்காரர்கள் எந்திரத்தைத் தூக்கினார்கள். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை, வாசல் படியில் கையை ஊன்றிக் குனிந்து தரையோடு தரையாக உள்ளே பார்த்தேன். காலிப் பெட்டியில் கீழே ஒன்றும் இருக்கக்கூடாது. நடுவில், கீழ்ப் படுக்கைக்கு அடியில், ஒரு ஜோடி வேலைச் சப்பாத்து இருந்தது. இரும்பு முனை வைத்தது. நேராக, பக்கத்தில் பக்கத்தில், அடுக்கி வைத்த மாதிரி.

போர்வையைத் திருடுகிறவன் சப்பாத்தை விட்டுவிட்டா போவான்?

அந்த நிமிஷம் என் கட்டைவிரலுக்கு ஞாபகம் வந்துவிட்டது. திரை முட்டியது ஞாபகம் வந்தது. சப்பாத்துக்கு நேர் மேலேதான் அந்த டேப்.

தங்கைகளே, மருந்து என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். தெலுக் இந்தான் பக்கத்துத் தோட்டத்தில் என் அம்மா புல்லுக்கு மருந்து தெளிக்கிற கூட்டத்தில் இருந்தவர். ரப்பர் மரத்துக்கு அடியில் முதுகில் தகர டப்பாவைச் சுமந்துகொண்டு, மூக்கில் ஒரு கைலித்துணியைக் கட்டிக்கொண்டு போவார்கள். நகம் கறுத்துக் கழன்று விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன். ராத்திரியில் மூச்சு வாங்குகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு தூங்கியிருக்கிறேன். அது திறந்த வெளி. இது பூட்டிய பெட்டி. அரை மணி நேரம்.

நான் கத்தியிருக்க வேண்டும். "உள்ள ஆள் இருக்கு" என்று மூன்று வார்த்தை. வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. அதனால் ஏறிவிட்டேன். அவ்வளவுதான் நான் செய்தது. வெள்ளை அங்கிக்காரர் ஒருவரின் கைக்குக் கீழே புகுந்து பெட்டிக்குள் போய் நின்றுகொண்டேன். நான் உள்ளே நின்றால் அடிக்க முடியாதே.

"அக்கா! வெளிய வாங்க! என்னாக்கா பண்றீங்க? எஸ்.ஓ.பி. சட்டம் தெரியாதா?" சூப்பர்வைசர் கத்தினார். அப்போதுதான் அந்த விசிலுக்கு வேலை வந்தது. ஊதினார். ஈப்போ ஸ்டேஷன் முழுவதும் கேட்டிருக்கும். நான் திரும்பவில்லை. நடுப் படுக்கைக்குப் போய், நான் தேய்த்து ஒட்டிய டேப்பை நகத்தால் பிரிக்கப் பார்த்தேன். வரவில்லை. பல்லால் கடித்துக் கிழித்தேன்.

உள்ளே மணியம் சுருண்டு கிடந்தார். முகம் சாம்பல் நிறம். சட்டை தண்ணீரில் முக்கி எடுத்த மாதிரி வேர்த்திருந்தது. உள்ளங்காலில் கை வைத்தேன், ஜில்லென்றிருந்தது. கூப்பிட்டேன். "ஹூம்" என்று மட்டும் சத்தம் வந்தது, கண் திறக்கவில்லை.

வாசலில் சூப்பர்வைசர் வந்து நின்றார். பார்த்தார். "கொரோனா!" என்று ஒரே வார்த்தை சொன்னார். அதற்குப் பிறகு அவரை நடைமேடையின் மறுகோடியில்தான் பார்க்க முடிந்தது. டூ மீட்டர் இல்லை, இருநூறு மீட்டர். தலையிலிருந்து கால்வரை அங்கி மாட்டியிருந்த இரண்டு பேரும் அவருக்கு முன்னாலேயே போயிருந்தார்கள். எனக்கு ஒரு துணி முகமூடி இருந்தது. சரஸ் தைத்தது, பழைய ரவிக்கைத் துணியில்.

இந்த இடத்தில் யோசிக்க ஒரு நிமிஷம்தான் இருந்தது. கொரோனாவென்றால் நான் இறங்கி ஓட வேண்டும், என் வயசுக்கு அது வந்தால் பிழைக்க மாட்டேன். ஆனால் காய்ச்சல்காரன் உடம்பு கொதிக்கும். இது வேர்த்துக் குளிர்ந்து கிடக்கிறது. என் வீட்டுக்காரர் பதினெட்டு வருஷம் சீனி வியாதியோடு இருந்தவர். ஊசி போட்டுக்கொண்டு சாப்பிட மறந்த நாட்களில் அவர் இப்படித்தான் கிடப்பார். தலைமாட்டில் மணியத்தின் பையைத் திறந்தேன். ஊசி மருந்து இருந்தது. துப்பாக்கி தேவைப்படவில்லை.

"சரஸ்! பால் டின்ன கொண்டா!"

அந்தக் குரல் எங்கிருந்து வந்ததோ தெரியாது. பிறகு சரஸ் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள், "அக்கா கத்துனதுல எனக்கு உசுரே போயிருச்சு" என்று. உணவுப் பெட்டியை மூடிய பிறகு சரஸ் துணி அலமாரியில் போர்வைகளுக்கு நடுவில் ஒரு கெட்டிப்பால் டின்னை ஒளித்து வைத்திருந்தாள். டீக்கு. பிடிபட்டால் வேலை போகும். அந்தப் பெட்டியிலிருந்த அத்தனை பாதுகாப்புச் சாமான்களிலும் அன்றைக்கு உதவியது அது ஒன்றுதான்.

"என்னாக்கா, கொரோனாங்கிறாரு அந்த ஆளு?"

"கொரோனா இல்லடி, சீனி எறங்கிருச்சு. புடி தலைய."

அவள் ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு படுக்கையின் ஏணியில் ஏறி அவர் தலையைத் தூக்கித் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். விரலில் கொஞ்சம் பாலை எடுத்து உதட்டுக்கு உள்பக்கம் தடவினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. இன்னும் கொஞ்சம் தடவினேன். நாக்கு அசைந்தது. விழுங்கினார். மறுபடியும் தடவினேன். எத்தனை நேரம் என்று தெரியாது. வெளியே விசில் ஊதிக்கொண்டே இருந்தது.

கடைசியில் கண்ணைத் திறந்தார். சரஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"தாப்பா ரோடு வந்துருச்சாக்கா?" என்றார்.

சரஸ் அழுதுகொண்டே, "அது அப்பவே வந்து போயிருச்சு அண்ணே, நீங்கதான் வரல" என்றாள்.

ஆம்புலன்ஸ் வந்து ஈப்போ மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். கொரோனா இல்லை. இரண்டு நாள் வைத்திருந்து ஊருக்கு அனுப்பினார்கள். எதிர் ஆள் இருமியதற்குப் பயந்து, டேப்பைப் பிரித்து மேலே ஏறிப் படுத்திருக்கிறார். சாயங்காலம் ஊசி போட்டவர், வண்டியில் ஏதாவது வாங்கிச் சாப்பிடலாம் என்று நம்பி ஏறியிருக்கிறார். போர்வையையும் மேலே எடுத்துக்கொண்டு போனதால்தான் பை குறைந்தது.

அடுத்த வாரம் விசாரணை என்று கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் மூன்று பேர், நடுவில் பிளாஸ்டிக் தடுப்பு. விசாரணை யார்மேல் என்று நினைக்கிறீர்கள்? என்மேல்தான். மருந்து அடிக்காத பெட்டிக்குள் அனுமதியில்லாமல் நுழைந்தது, நாற்பது நிமிஷம் தாமதம் உண்டாக்கியது. ஏன் ஆளை எழுப்பவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. இறங்காத ஆளுக்கு டிக் எப்படி விழுந்தது என்று கேட்கவில்லை. டேப் எப்படி முழுசாக இருந்தது என்று கேட்கவில்லை. ஆள் உள்ளே போன பிறகு டேப் தானாகவா ஒட்டிக்கொள்ளும்? மேசைக்குப் பின்னால் மூன்று தலைகள், அதில் ஒன்றுக்குக்கூட அது தோன்றவில்லை.

விளக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். மலாய் எனக்குப் பேச வரும், எழுத வராது. தமிழில் எழுதினேன், ஒரு பக்கம். டேப்பை மறுபடியும் ஒட்டியது நான்தான் என்று முதல் வரியிலேயே எழுதினேன். வாயால் சொல்ல முடியாததைத் தாளில் போட்டுவிட்டால் நடக்கிறது நடக்கட்டும் என்று.

சூப்பர்வைசர் அதை வாங்கி மேலிருந்து கீழே பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டே பார்த்தார்.

"படிச்சீங்களா தம்பி?" என்றேன்.

"படிச்சேன்க்கா. நல்லா எழுதியிருக்கீங்க. நான் மேல சொல்லிக்கிறேன், பயப்படாதீங்க."

அவருக்குத் தமிழ் பேசத்தான் தெரியும், ஒரு எழுத்தும் படிக்கத் தெரியாது என்று வெளியே வந்த பிறகு சரஸ் சொன்னாள். என் தாளின் மேல் அவர் மலாயில் ஒரு சீட்டுக் குத்தியிருந்தார்: தவறுக்கு மன்னிப்புக் கேட்கிறார், வயதானவர், எச்சரிக்கை போதும். மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள். ஃபைலை மூடினார்கள். மாதக் கடைசியில் பயணியைச் சமயத்தில் கண்டுபிடித்ததற்காகச் சூப்பர்வைசருக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்.

மாவட்ட எல்லை திறந்த பிறகு மணியத்தின் மனைவி சரஸிடம் நம்பர் வாங்கி என்னை அழைத்தார். "நீங்க இல்லாட்டி எங்க வீட்டு விளக்கே அணைஞ்சிருக்கும்க்கா" என்று அழுதார். காய்ந்த இறாலும் கருவாடும் ஒரு பெட்டி நிறைய அனுப்பிவைத்தார். நான் அதை வாங்கிக்கொண்டேன். சமைத்தேன். இரண்டு வாரம் சாப்பிட்டேன். உப்பு சரியாக இருந்தது. சூப்பர்வைசரின் சான்றிதழைப் பற்றி வாய் கிழியப் பேசியவள் நான், சரஸிடம். கருவாட்டைச் சாப்பிட்டுக்கொண்டே பேசினேன்.

கருவாட்டுப் பெட்டி காலியான அன்றைக்கு நானே மணியத்தின் மனைவிக்குப் போன் செய்தேன். நலம் விசாரித்துவிட்டு வைத்துவிடலாம் என்று நாக்கு கெஞ்சியது. வைக்கவில்லை. அந்த டேப்பை மறுபடி ஒட்டி உள்ளே அடைத்தது நான்தான் என்று சொன்னேன். பிரிந்து தொங்கியதை, திரை முட்டியதை, கட்டைவிரலால் தேய்த்ததை எல்லாம் சொன்னேன்.

அந்தப் பக்கம் வாணலியில் ஏதோ பொரிகிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது, அடுப்பை அணைத்திருப்பார்.

"மூடுறப்ப உள்ள ஆள் இருக்காங்களான்னு ஒரு தடவ பாக்கலையாக்கா?"

"பாக்கலம்மா."

அவர் போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அழைக்கவில்லை. நானும் அழைக்கவில்லை. என்னை விசாரித்தவர்களில் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்தவர் அவர் ஒருவர்தான்.